பதிவேடு பயணம் போன கதை

ஒரு பொருளை ஆக்குவது ஒரு வேலை. ஆக்கிய பொருளை மற்றோர் ஊரில், மற்றொருவர் கையிற் பழுதின்றிச் சேர்ப்பது வேறொரு வேலை. முன்னது கைவந்தவர்க்குப் பின்னது தானே கைவரும் என்று பலரும் எண்ணுகின்றனர். புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாகப் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு அந்த எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. மூட்டைக்குள் இருப்பது உயர்ந்த சரக்குத்தான். ஆயினும் கட்டுத் தளர்ந்திருந்தால், குறி அழிந்திருந்தால், இறங்கும் நிலையத்தில் அதை இறக்க வசதி இல்லாதிருந்தால், அது போய்ச் சேராது. அப்போது சரக்கின் குணத்தைப் பேசிப் பயன் இல்லை.

கணிப்பொறிக்கு எழுதப்படும் மென்பொருளுக்கும் இந்த நீதி பொருந்தும் என்பதை நமது சங்கத்துக் குடும்பப் பதிவேடு சென்ற ஆண்டு நன்கு விளக்கிற்று. நம் இல்லங்களிற் கணிப்பொறி பயிலும் பிள்ளைகள் பலர் உளர். கிளைச் சங்கங்களில் அதனை இயக்கும் பெரியோரும் உளர். இரு சாராருக்கும் பயன்படக் கூடும் என்ற எண்ணத்தால் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலிற் பதிவேட்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு என் தந்தையார் இந்த நாகபுரியிற் பணியிலிருக்கும்போதே காலமானார். எனக்கு அப்போது பதினைந்து வயது. சொந்த ஊரில் யாருக்கு, எவ்வழியாகச் செய்தி சொல்வது என்று என் அன்னையார் திகைத்து நின்றார். நமது செயலாளர் ஐயா தம் பேரேட்டைப் புரட்டி, எங்கள் ஊர் மளிகைக் கடையின் தொலைபேசி எண்ணைக் கண்டெடுத்தார். அன்றிரவே சிற்றப்பா அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். பேரேட்டில் என்றோ எழுதி வைத்த ஒற்றை வரி அன்று எங்களைத் தாங்கிற்று. பின்னர்ப் பத்தாம் வகுப்புத் தேறியதும், கருணை அடிப்படையில் எனக்கு இந்தப் பணி கிடைத்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பேரேடுகள் பூட்டிய அலுவலகத்துக்குள் கிடந்தன. எவர் வீட்டில் நாட்கூலி நின்றுபோயிற்று, எவர் வீட்டில் நோயாளி இருக்கிறார், எவர் ஊர் திரும்பத் துடிக்கிறார் என்பவை யாவும் ஐயாவின் நினைவில் மட்டும் இருந்தன. மே 1 முதல் ஷ்ரமிக் சிறப்பு வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, அவர் தொலைபேசியிற் சொல்லச் சொல்ல நாங்கள் பெயர்களை எழுதிக்கொண்டோம். ஒரு முதியவரின் நினைவாற்றல் அன்று சங்கத்தைக் காத்தது.

அந்த ஐயா, சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் நடந்த செயற்குழுவில், "பொங்கலுக்குள் ஊருக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன், மகன் அழைக்கிறான்" என்றார். குழுவில் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பேரேட்டின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பாதி அவர் நெஞ்சில் இருந்தது. பொங்கலுக்குள் அதனை ஏட்டில் இறக்கியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

கணிப்பொறிப் பதிவேடு ஒன்று முன்னரே என்னிடம் ஆயத்தமாக இருந்தது. சீதாபுல்டி நடைபாதையில் வாங்கிய பழைய நூல் ஒன்றும், ஓர் ஆங்கில அகராதியும் துணையாக, பணி முடிந்த இரவுகளில் அதனை உருவாக்கியிருந்தேன். கருவி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆக்சஸ் என்னும் தரவுத்தளச் செயலி. பெயர், சொந்த ஊர், உறவினர் தொலைபேசி, இரத்த வகை, சகாய நிதிச் சந்தா ஆகியவற்றுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. கிளைகள் ஒவ்வொன்றும் ஆக்சஸை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆக்கப்பட்ட பதிவேட்டை இயக்க மட்டும் உதவும் 'ரன்டைம்' என்ற பகுதியை அந்த நிறுவனம் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இலவசமாகத் தருகிறது. அதனையும் பதிவேட்டையும் ஒரே பொதியாகக் கட்டி, தலைமையகம், அஜனி, காம்ப்டி, வர்தா, இத்வாரி ஆகிய ஐந்து இடங்களுக்கும் அனுப்பினோம்.

தலைமையகத்தில் அது முதற் சொடுக்கிலேயே நிறுவப்பட்டு இயங்கிற்று. மற்ற நான்கு இடங்களிலிருந்தும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொலைபேசி வந்தது. அஜனிக் கிளையின் பொருளாளர் அம்மையார், "தம்பி, நீங்கள் அனுப்பிய பெட்டி திறக்க மாட்டேன் என்கிறதே!" என்றார். காம்ப்டியிலிருந்து ஓர் இளைஞர், "அண்ணா, ஏதோ சிவப்புக் குறி போட்டு நின்றுவிட்டது" என்றார். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரோ, "கரையான் தின்ற மிச்சத்திலேயே எழுதிவிடுவோம், இந்த வம்பு நமக்கு வேண்டா" என்று முடிவே கூறிவிட்டார். ஐயா மட்டும், "மூன்று ஞாயிறு பார்ப்போம்" என்று தவணை கொடுத்தார்.

பார்சல் ஒன்று போய்ச் சேரவில்லை என்று முறையீடு வந்தால் நாங்கள் முதலிற் கேட்பது, 'எந்த நிலையத்தில் நின்றது?' என்பதே. மூட்டையை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம் அன்று. அவ்வாறே நான்கு கிளைகளுக்கும் ஒரே விண்ணப்பம் விடுத்தேன். 'திரையில் வந்த சொற்களை எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்புங்கள், எண் ஏதேனும் இருந்தால் அதனைத் தவறவிடாதீர்கள், வேறெதையும் தொடாதீர்கள்.' 'வரவில்லை' என்ற சொல்லைக்கொண்டு எந்த மருத்துவனும் நோய் அறிய முடியாது. எழுத்துக்கள் வந்து சேர்ந்ததும் ஓர் உண்மை புலப்பட்டது. நான்கு பொறிகளும் ஒரே நோயால் வருந்தவில்லை. நான்கும் நான்கு நோய்கள்.

அஜனியின் நோய் எங்கள் துறைக்குப் பழக்கமானது. இருப்புப் பாதையில் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர்ப்பாதை 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றொன்றின் மீது ஓடாது. கணிப்பொறியிலும் அத்தகைய இரு பாதைகள் உள்ளன. அவை 32 பிட், 64 பிட் எனப்படும். அஜனிப் பொறியில் விண்டோஸ் 64 பிட். ஆனால் பல்லாண்டுகளுக்கு முன் அதில் நிறுவிய வேர்டும் எக்செலும் 32 பிட். நாங்கள் அனுப்பிய ரன்டைம் 64 பிட். ஒரே பொறியில் ஆஃபீஸ் குடும்பத்துச் செயலிகள் இரு பாதைகளிலும் கலந்து இருத்தல் இயலாது. நிறுவியே அதனை மறுத்துவிடும். 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஆஃபீஸ் கேளாமலே 64 பிட்டாக நிறுவப்படுகிறது. அதற்கு முன்னவை பெரும்பாலும் 32 பிட். ஆதலால் பழையதும் புதியதும் விரவிய நம் போன்ற சங்கங்களில் இச்சிக்கல் வருவது இயல்பு.

'பழைய ஆஃபீஸை நீக்கிவிட்டால் தீர்ந்தது' என்று அறிவுரை கூறினோர் உண்டு. அஜனிக் கிளையின் அழைப்பிதழ்களும் கணக்குகளும் அதிற்றான் இருக்கின்றன. விருந்தினன் நுழைவதற்காக வீட்டுக்காரரை வெளியேற்றுவது முறையன்று. நண்பர் ஒருவர் இல்லத்தில் 32 பிட் ஆக்சஸ் இருந்தது. அங்கே சென்று பதிவேட்டை மீண்டும் தொகுத்து, 32 பிட் ரன்டைமுடன் தனிப் பொதி ஒன்று கட்டினேன். பூட்டித் தொகுத்த ஏசிசிடிஇ வகைக் கோப்பு தான் பிறந்த பாதையிலேதான் ஓடும். எனவே மூலத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, இரு பாதைக்கும் இரு பொதிகள் ஆயத்தம் செய்வதே தக்கது. வேர்டைத் திறந்து, 'கணக்கு' என்னும் பகுதியில் 'வேர்டு பற்றி' என்ற பொத்தானை அழுத்தினால், அது எந்தப் பாதை என்பதை முதல் வரியே கூறிவிடும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் இதனைப் பார்த்துச் சொல்லச் சொல்வது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

காம்ப்டியின் நோய் விசித்திரமானது. அங்கே வந்த பிழைச் செய்தியில் ஒரு கோப்புறையின் முகவரி இருந்தது. அதன் நடுவே ஐந்தாறு கேள்விக்குறிகள் நின்றன. அந்த இளைஞரிடம், "பொறியைத் திறக்கையில் திரையில் வரும் பெயர் என்ன?" என்று கேட்டேன். "இந்தியிலேயே என் பெயரை எழுதியிருக்கிறேன், அண்ணா" என்றார். மர்மம் விடுபட்டது. பயனர் பெயர் தேவநாகரியில் இருந்தமையால், அவருடைய கோப்புறையின் பெயரும் தேவநாகரியாயிற்று. எங்கள் பொதியின் மேலுறை பழைய வகை, யூனிகோடு அறியாதது. முதலில் தற்காலிகக் கோப்புறையிற் சரக்கை அவிழ்த்துவைத்து, அதன் பின்னரே உள்ளே கொண்டுபோவது அதன் வழக்கம். அந்தக் கோப்புறையின் முகவரியைப் படிக்கையில், அறியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுக்கொண்டது. விண்டோஸில் கேள்விக்குறி கொண்ட கோப்புறை இருக்கவே முடியாது. இல்லாத வீட்டின் கதவைத் தட்டினால் யார் திறப்பார்?

கணக்கின் பெயரைப் பின்னர் மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆகவே ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் வழியாக நிறுவினோம். அடுத்த பொதியை யூனிகோடு அறிந்த மேலுறையிற் கட்டினோம். தம் பெயரைத் தம் மொழியில் எழுதுவது எவர்க்கும் உரிமை. அந்த உரிமைக்கு இடங்கொடுக்கும் பொதியை ஆக்குவது நம் கடமை.

இதே காரணம் பற்றி நம் தமிழுக்கும் ஓர் இடர் உண்டு. ஆக்சஸ் அட்டவணைகள் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தமிழ் யூனிகோடை ஏற்கின்றன. ஆனால் கட்டளை எழுதும் சாளரம் தமிழை ஏற்பதில்லை. அங்கே எழுதிய தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். எனவே, 'ஊர்ப் பெயரை நிரப்புக' போன்ற அறிவிப்புகளையெல்லாம் ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, கட்டளை அங்கிருந்து எடுத்துக்காட்டுமாறு செய்தேன். தமிழிற் செயலி எழுத விரும்பும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்க.

வர்தாவிற்கு அடுத்த ஞாயிறு நானே வண்டியேறினேன். அங்கிருந்தது ஓர் அன்பர் நன்கொடையாகத் தந்த பழைய பொறி. முதல் முயற்சியில் 1618 என்ற எண் வந்தது. எங்கள் பாதையில், ஒரு பிளாக்குப் பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொன்றை அதனுள் விடமாட்டோம். விண்டோஸ் நிறுவியும் அவ்வாறே. வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, பொறுத்திரு என்பதே 1618இன் பொருள். பின்னணியில் ஏதோ ஒரு புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் அருந்திக் காத்திருந்தோம். அது முடிந்தது.

இரண்டாம் முயற்சியில் 1603 வந்தது. கணிப்பொறியாளர் பலரும் வெறுக்கும் எண் இது. 'நிறுவலில் மீள முடியாத பிழை' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பிழை நேர்ந்ததும் நிறுவி தான் வைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும். ஆதலால் வெளியிற் பார்த்தால் தடயமும் இராது. ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் கார்டு தம் குறிப்பேட்டில் நடந்ததை நேரத்தோடு எழுதுவது போல, நிறுவியையும் எழுதச் செய்யலாம். 'எம்எஸ்ஐஎக்செக்' என்ற கட்டளையில் பொதியின் பெயரோடு, சாய்கோடு, எல், உடுக்குறி, வி என்று அடுத்தடுத்து எழுதி, ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். பல்லாயிரம் வரிகள் கொண்ட நாட்குறிப்பு ஒன்று கிடைக்கும். அத்தனையையும் படிக்க வேண்டியதில்லை. அதனுள் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற சொற்களைத் தேடுக. முதன்முதலில் அவை காணப்படும் இடத்திற்குச் சற்று மேலேதான் உண்மையான குற்றம் எழுதப்பட்டிருக்கும்.

வர்தாவில் அந்த வரி, ஒரு கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்றது. நன்கொடை தந்த அன்பர், தம் கோப்புகளைப் பிறர் தொடலாகாது என்ற முன்னெச்சரிக்கையால், அக்கோப்புறையைத் தமக்கு மட்டும் உரியதாக்கி வைத்திருந்தார். விண்டோஸ் நிறுவி, 'சிஸ்டம்' என்னும் உட்கணக்கின் பெயரால் வேலை செய்வது. அந்தக் கணக்குக்கே அங்கு நுழைய வழியில்லை. உரிமையைத் திருப்பித் தந்ததும் மூன்றே நிமிடத்தில் பதிவேடு நிறுவப்பட்டது. கிளைத் தலைவர், "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், தம்பி?" என்று சிரித்தார். நான்கு சொற்களாலான வரி அது. கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று.

இத்வாரியில் நேர்ந்தது இவை யாவற்றினும் நுட்பமானது. அங்கே நிறுவல் நிறைவேறிவிட்டது, பதிவேடும் திறந்தது, ஆனால் எழுதியது ஒன்றும் நிலைக்கவில்லை. குழந்தைகள் கை படாதிருக்கட்டும் என்று, கிளையின் இளைஞர் ஒருவர் பதிவேட்டைக் காப்பாகப் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் இடம் மாற்றியிருந்தார். நோக்கம் நல்லதே. எனினும், விஸ்டா காலம் முதல் அந்த இடத்தில் சாதாரணப் பயனர் எவரும் எழுத முடியாது. ஆக்சஸோ, பதிவேடு திறந்திருக்கும்போது அதன் அருகிலேயே சிறு பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதிக்கொள்வது. அதற்கு இடமில்லையென்றால் பதிவேடு படிப்பதற்கு மட்டும் திறக்கும். கோப்பைப் பயனருக்கு உரிய பொது ஆவணக் கோப்புறைக்கு மாற்றியதும் அக்குறை நீங்கிற்று.

அங்கே மற்றொரு தடையும் இருந்தது. இணையத்தின் வழியாக வந்த கோப்பின் மீது விண்டோஸ் ஒரு குறியிடுகிறது. அவ்வாறு குறி பெற்ற ஆஃபீஸ் கோப்புகளில் உள்ள கட்டளைகளை 2022 முதல் ஆஃபீஸ் தடுத்து நிறுத்திவிடுகிறது. கோப்பின் பண்புகளைத் திறந்து, தடை நீக்கும் கட்டத்தில் குறியிட்டால் அது விலகும். இன்னும் நல்ல வழி, பதிவேடு இருக்கும் கோப்புறையை நம்பத்தக்க இடமாக நிறுவியே பதிந்துவிடுவது. ரன்டைமில் அதற்குரிய அமைப்புச் சாளரம் இல்லாமையால், பயனர் தாமாக அதைச் செய்துகொள்ள இயலாது. ஆனால், முகம் அறியாதவர் அனுப்பிய கோப்புக்கு எவரும் தடை நீக்கலாகாது. அந்தத் தடை நம் நன்மைக்காகவே வைக்கப்பட்டது.

மூன்றாம் ஞாயிறன்று ஐந்து கிளைகளிலும் பதிவேடு திறந்திருந்தது. மார்கழிக் குளிரில், ஐயா போர்வையைப் போர்த்துக்கொண்டு, கிளை கிளையாகச் சென்று அமர்ந்தார். இளைஞர்கள் எழுத, அவர் கண்களை மூடிக்கொண்டு சொன்னார். "அவர்கள் மூவரும் அண்ணன் தம்பியர், மூத்தவர் மட்டும் ஊரோடு பேச்சில்லை, செய்தி சொல்வதானால் தங்கை வீட்டுக்குச் சொல்." "இந்த அம்மாவுக்குப் பேசத் தெரிந்த எண் மாறிவிட்டது. பேரன் எண்ணைப் போடு." இத்தகைய செய்திக்குப் பதிவேட்டில் இடம் இல்லை என்று அஜனி அம்மையார் கூறினார். அன்றிரவே 'குறிப்பு' என்று ஒரு பகுதியைச் சேர்த்து, மறுநாள் ஐந்து கிளைகளுக்கும் புதுப் பொதி அனுப்பினேன். ஐந்தும் முதல் முயற்சியிலேயே நிறுவப்பட்டன. 'பேரேடே போதும்' என்ற பெரியவர் தம் குடும்பத்து வரியைத் தாமே தட்டச்சு செய்தார்.

இனி, இவ்வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்.

முதலாவது, நீங்கள் ஆக்கிய பொறியிலேயே சோதித்து நிறைவு கொள்ளாதீர்கள். அங்கே வேண்டியவை யாவும் முன்னரே இருக்கும். ஆக்சஸ் இல்லாத, எளிய கணக்கு ஒன்றே உள்ள பொறியில் நிறுவிப் பாருங்கள். அதுவே பயனரின் இல்லம்.

இரண்டாவது, வெளிச் செயலி நூலகங்களைக் கூடியவரை சாராதீர்கள். அவற்றில் ஒன்று பயனரின் பொறியில் இல்லாவிட்டால், அதனோடு தொடர்பே இல்லாத, இன்றைய தேதியைக் காட்டும் எளிய கட்டளைகூடப் பிழை காட்டி நிற்கும். குறை ஓரிடம், வலி ஓரிடம்.

மூன்றாவது, எழுதுபடிவங்கள் ஒரு கோப்பிலும், குடும்பச் செய்திகள் மற்றொரு கோப்பிலுமாகப் பிரித்து வையுங்கள். படிவத்தை எத்தனை முறை மாற்றி அனுப்பினாலும் செய்திக்கு ஊறு வராது.

நான்காவது, பிழையெண்ணைக் கண்டதும் அஞ்சிப் பெட்டியை மூடாதீர்கள். எண் ஒரு முகவரி. அதனைக் கேட்டு நடப்பவன் இடத்தைச் சேர்வான்.

ஐந்தாவது, பதிவேட்டில் இருப்பது பிறர் வீட்டுச் செய்தி. கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள், வாரம் ஒருமுறை படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

ஐயா தை பிறக்கும் முன்னரே தென்திசை வண்டியேறினார். வழியனுப்ப ஐந்து கிளையினரும் நடைமேடைக்கு வந்திருந்தனர். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, 'தற்போதைய முகவரி' என்ற கட்டத்தில், இப்போது அவருடைய கிராமத்தின் பெயர் இருக்கிறது. 'நாகபுரியில் உறவினர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று காம்ப்டி இளைஞர் கேட்டார். "நம் எல்லோரையும் எழுது" என்றேன். ஒரு கட்டத்தில் அத்தனை பெயரும் அடங்கா என்பதால், 'சங்கம்' என்று எழுதிவைத்தோம்.

அன்பர்கள் ஒவ்வொருவரும் வரும் ஞாயிறன்று தத்தம் கிளைக்குச் சென்று, தங்கள் குடும்பத்து வரியை ஒருமுறை பார்த்துச் சரிசெய்து தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். தொலைபேசி எண் மாறியிருக்கலாம். ஊரிலிருந்த பெரியவர் மறைந்திருக்கலாம். புதுக் குழந்தை பிறந்திருக்கலாம். அந்த வரி தேவைப்படாமலே உங்கள் நாட்கள் கழிக. தேவைப்படும் நாள் வருமாயின், அது பிழையின்றி இருத்தல் வேண்டும்.